ஆக்ஸ்ஃபோர்டில் நான் கட்டுரை வாசித்த அந்த வாடகை அறை

2022 நவம்பர் கடைசியில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் நடக்கவிருக்கும் பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிக்க என்னை அழைத்திருந்தார்கள். காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இருபத்தொரு ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். ஆழ்வார் பாசுரங்களில் வரும் ஊர்களையும் ஆறுகளையும் பற்றி நான் எழுதிய கட்டுரையைத் தலைப்போடு குறிப்பிட்டு, அதைப் படித்து வியந்ததாக எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் என்று எங்கள் ஊரில் பத்துப் பேரைக்கூடக் காட்ட முடியாது. அவ்வளவு தூரத்தில் யாரோ படித்திருக்கிறார்களே என்று நம்பினேன். இணையத்தில் கிடக்கும் கட்டுரைத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எடுத்து, ஆயிரம் பேருக்கு ஆயிரம் மடல்களில் ஒட்டி அனுப்ப ஒரு சின்ன மென்பொருள் போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், புகழாசை மட்டும் காரணம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஆசிரியர்களின் ஆய்வு மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. மாநில அளவில் கட்டுரை வாசித்தால் 2, தேசிய அளவில் 3, நம் நாட்டிலேயே நடக்கும் பன்னாட்டு மாநாடு என்றால் 5, வெளிநாட்டில் வாசித்தால் 7. எங்கே வாசித்தோம் என்பதற்குத்தான் புள்ளி. யார் கேட்டார்கள் என்று அதில் எங்கும் இல்லை. இந்த மாநாட்டுக்காரர்கள் இந்த அட்டவணையை நம்மைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். அழைப்பு நமக்கு ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இருநூறு சொல்லில் ஒரு சுருக்கம் அனுப்பினேன். இரண்டாம் நாளே 'வல்லுநர் மதிப்பாய்வு முடிந்தது, ஏற்கப்பட்டது' என்று பதில் வந்தது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். தமிழ் படித்த ஒருவர் அதைப் பார்த்திருந்தால் ஒரு பாசுர எண்ணையாவது சரிபார்க்கச் சொல்லியிருப்பார், ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டண விவரம் வந்தது. பதிவுக்கு 420 பவுண்டு, கட்டுரையைத் தொகுப்பில் வெளியிட இன்னொரு 120. அன்றைக்கு ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம் நிரப்பி ஏறத்தாழ ஐம்பத்தைந்தாயிரம் ரூபாயை அனுப்பினேன். அட்டையில் கட்டியிருந்தால் பிறகு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். நேராக அவர்கள் கணக்குக்கு அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு எந்தப் பிடியும் இல்லாமல் போயிற்று. அப்புறம் விசாக் கட்டணம் அப்போது 100 பவுண்டு. சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்து வந்த செலவோடு பன்னிரண்டாயிரம் ஆனது. விமானத்துக்கு எழுபத்தெட்டாயிரம், ஐந்து இரவு தங்க நாற்பத்து மூவாயிரம், சாப்பாடும் பேருந்தும் பதினாறாயிரம். மொத்தம் இரண்டு லட்சத்து நான்காயிரம். மகளுடைய படிப்புக்கென்று போட்டு வைத்திருந்த வைப்புத்தொகையில் ஒன்றை உடைத்துத்தான் போனேன். இதை எழுதும்போதும் வயிறு என்னவோ செய்கிறது.

பணம் கட்டுமுன் பார்த்திருக்க வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் கேட்பதாலேயே ஒரு மாநாடு பொய் ஆகிவிடாது, நல்ல மாநாடுகளும் கேட்கும். ஆனால் ஒரே மாநாட்டில் தமிழும் சிமெண்டும் செவிலியர் பயிற்சியும் மேலாண்மையும் இருந்தால் அங்கே யாரும் யாருடைய கட்டுரையையும் கேட்கப் போவதில்லை. அழைப்பில் பெயர் போட்டிருக்கும் பேராசிரியருக்கு, அவருடைய துறைப் பக்கத்தில் இருக்கும் முகவரியில், 'இந்த மாநாட்டில் நீங்கள் இருக்கிறீர்களா?' என்று இரண்டு வரி எழுதிக் கேட்டாலே போதும். பலர் பதில் போடுவார்கள், தங்களுக்கே தெரியாமல் பெயர் போட்டிருந்தால் கட்டாயம் போடுவார்கள். மின்னஞ்சல் முகவரியின் வாலையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முகவரி 'ஓஎக்ஸ் டாட் ஏசி டாட் யூகே' என்று முடியும். அந்த 'ஏசி டாட் யூகே' பிரிட்டனில் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே கிடைப்பது. என்னை அழைத்தவர்களின் முகவரியில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சொல் இருந்தது, வால் மட்டும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஆக்ஸ்ஃபோர்டில்' என்பதும் 'ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும்' என்பதும் வேறு வேறு. அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பல்கலைக்கழகம் நடத்துவதாக அதில் ஓரிடத்தில்கூட எழுதியிருக்கவில்லை. நான்தான் அப்படிப் படித்துக்கொண்டேன்.

2023 மார்ச் 23, வியாழக்கிழமை ஹீத்ரோவில் இறங்கினேன். அங்கிருந்து நேராக ஆக்ஸ்ஃபோர்டு குளோஸ்டர் கிரீன் நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. மறுநாள் காலை பட்டுச்சேலைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, மாநாடு நடக்கும் இடம் என்று அழைப்பில் போட்டிருந்த கல்லூரியின் வாசலுக்குப் போனேன். ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றுக்கு வாசலில் போர்ட்டர்ஸ் லாட்ஜ் என்று வாயில் காப்பவர்களின் அறை ஒன்று இருக்கும், அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். பல்கலைக்கழக மாநாட்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். அங்கிருந்த பெரியவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மரியாதையாகவே சொன்னார். "மேடம், இன்று பல்கலைக்கழக நிகழ்ச்சி எதுவும் இங்கே இல்லை. பின்முற்றத்தில் ஓர் அறையை வெளியார் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அதுவாக இருக்கலாம். மாணவர்கள் இல்லாத நாட்களில் அறைகளை வாடகைக்கு விடுவது எங்கள் வழக்கம்." நான் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். கால் நடுங்கியது நினைவிருக்கிறது.

அறையில் இருபத்து மூன்று பேர். எல்லோரும் என்னைப் போலப் பணம் கட்டி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆளுக்கு எட்டு நிமிடம் என்றார்கள். எனக்கு முன்னால் ஒருவர் கான்கிரீட்டின் வலிமையைப் பற்றி வாசித்தார், எனக்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவமனைப் பணிச்சுமையைப் பற்றி. நான் திருமங்கை ஆழ்வார் பாடிய ஊர்களின் வரைபடத்தைத் திரையில் போட்டு ஆறாவது நிமிடத்தில் இருந்தபோது மணி அடித்தார்கள். கேள்வி ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். யாருக்கும் இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. கான்கிரீட் படித்தவர் பாசுரத்தில் என்ன கேட்பார்? மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தார்கள். கறுப்பு அங்கி போட்டுப் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ள 35 பவுண்டு என்றார்கள். நான் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மாநாடு என்று போட்டிருந்தது வெறும் ஊர் சுற்றல்தான்.

இரவு கணவர் கூப்பிட்டார். "எப்படிப் போச்சு?" என்றார். "நல்லா போச்சுங்க. நிறையப் பேர் பாராட்டினாங்க" என்றேன். எங்கள் இருபது வருட வாழ்க்கையில் அவரிடம் நான் இப்படிப் பொய் சொன்னதில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். பணம் போனதைவிட, நம் உழைப்பை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் அதிகம் வலித்தது. பக்கத்து அறையில் யாரோ தட்டிக் கேட்டார்கள், நன்றாக இருக்கிறீர்களா என்று. அந்தக் குரல் யாருடையது என்றுகூட எனக்குத் தெரியாது, ஆனால் அது அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

விமானம் செவ்வாய்க்கிழமைதான். கையில் மூன்றரை நாள் இருந்தது. சரி, உண்மையான ஆக்ஸ்ஃபோர்டில் ஓர் உரையாவது கேட்டுவிட்டுப் போவோம் என்று தேடினேன். அங்கேதான் இரண்டாவது அடி. அந்த ஊரில் கல்வியாண்டு மூன்று பருவம். அக்டோபரில் தொடங்கும் மைக்கேல்மஸ், ஜனவரியில் ஹிலரி, ஏப்ரல் கடைசியில் டிரினிட்டி. ஒவ்வொன்றும் எட்டே எட்டு வாரம். ஆண்டில் இருபத்து நான்கு வாரம்தான் துறைக் கருத்தரங்குகளும் பொது உரைகளும் நிரம்பி வழியும். நான் போனது ஹிலரி முடிந்து இரண்டு வாரம் கழித்து. யோசித்துப் பாருங்கள், வாடகை மாநாடுகள் விடுமுறையில் நடப்பதற்குக் காரணம் இதுதான். அறை காலியாக இருக்கும்போது பேராசிரியர்களும் இருக்க மாட்டார்கள், மாணவர்களும் இருக்க மாட்டார்கள். யாராவது ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டுக்கு அழைத்தால் முதலில் அந்தத் தேதி பருவத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். விடுமுறையில் நல்ல மாநாடும் நடக்கும்தான், ஆனால் அப்போது நடத்துவது எந்தத் துறை என்று கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி கையில் இருக்கும்.

பருவத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே அறிவிப்புகளில் பல நேரம் தேதியே இருக்காது, 'ஐந்தாம் வாரம், செவ்வாய், மாலை 5' என்று மட்டும் இருக்கும். வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. பருவத்தின் முதல் ஞாயிறு எது என்று பல்கலைக்கழக நாட்காட்டியில் பார்த்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 'ஆக்ஸ்ஃபோர்டு டாக்ஸ்' என்று பல்கலைக்கழகமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வோர் உரைக்கும் யார் வரலாம் என்று போட்டிருப்பார்கள், பொதுமக்களுக்கும் உண்டா, பல்கலைக்கழகத்தாருக்கு மட்டுமா, முன்பதிவு வேண்டுமா என்று. அதைப் பார்க்காமல் போனால் வாசல் அறையிலேயே திரும்ப வேண்டியிருக்கும். பெரிய உரைகளும் பெரும்பாலும் இலவசம். 1892-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் தொடங்கி வைத்த ரோமானெஸ் என்ற பொது உரைக்கு இன்றும் கட்டணம் இல்லை, பெயரைப் பதிவு செய்தால் போதும். நான் பணம் கட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் இருந்த இடத்தில் என்னிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இது புரிய எனக்கு இரண்டு லட்சம் ஆயிற்று.

சனிக்கிழமை ஊர் சுற்றலுக்குப் போகாமல் தனியாக பிராட் தெருவுக்குப் போனேன். வெஸ்டன் நூலகத்தில் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம், அதுவும் இலவசம், ஆனால் மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை. 1683-இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் முதன்முதலில் திறந்தது அந்தக் கட்டடத்தில்தான். உள்ளே ஒரு கரும்பலகை இருக்கிறது. 1931 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஐன்ஸ்டைன் உரையாற்றியபோது எழுதியது, பேரண்டத்தின் அடர்த்தி, ஆரம், வயது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அழிக்காமல் எடுத்து வைத்துவிட்டார்கள். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். முந்தின நாள் என் படவில்லைகளை நான் மேசையை விட்டு நகர்வதற்குள் மூடிவிட்டு அடுத்தவருடையதைத் திறந்தார்கள். ஒருவர் சொன்னதை மதிப்பது என்றால் என்ன என்று அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பிழை. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். கைபேசி தானாக மாறிவிட்டது. நான் பார்த்தது கைக்கடிகாரத்தை. ஓர் அருங்காட்சியகத்தில் இரண்டு மணிக்கு இலவச உரை என்று குறித்து வைத்துப் போனால் எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அதையே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த இரண்டு நாட்களில் போகிறவர்கள் கைக்கடிகாரத்தை முந்தின இரவே மாற்றிவிடுங்கள். சோர்ந்துபோய் இப்போதைய ஆஷ்மோலியனுக்குள் நுழைந்தேன். நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை, சிறப்புக் கண்காட்சிக்கு மட்டும் உண்டு. எதையும் தேடும் மனநிலையில் இல்லாமல் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் தூக்கம் போய்விடுகிறது. 2024 ஜூனில் செய்தித்தாளில் படித்தேன். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கை ஆழ்வார் செப்புச் சிலை ஒன்று அந்த அருங்காட்சியகத்தின் உடைமையாக இருந்திருக்கிறது. 1967-இல் ஏலத்தில் வாங்கியிருக்கிறார்கள். அதே சிலை 1957-இல் கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததைக் காட்டும் புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்திருக்கிறது. ஓர் ஆய்வாளர் அதைச் சுட்டிக்காட்ட, கடைசியில் சிலையைத் திருப்பித் தருவதென்று பல்கலைக்கழக மன்றம் முடிவெடுத்தது. நான் அங்கே வாசித்தது அதே ஆழ்வார் பாடிய ஊர்களைப் பற்றி. எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கோயில் தொலைவில் இல்லை. அப்படி ஒரு சிலை அங்கே உண்டு என்பதே தெரியாமல் அந்தக் கட்டடத்துக்குள் போய்விட்டு வந்திருக்கிறேன். அதனால் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அருங்காட்சியகங்களின் சேகரிப்புப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, உங்கள் துறைச் சொல்லையோ ஊர்ப் பெயரையோ போட்டு வீட்டிலிருந்தே ஒருமுறை தேடிவிட்டுப் போங்கள். ஒரு பொருள் எந்தக் கூடத்தில் இருக்கிறது, அல்லது காட்சியில் இல்லையா என்று மின்னஞ்சலில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு மாலை கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்குள் இருக்கும் கதீட்ரலில் மாலை வழிபாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். சுற்றிப் பார்க்க அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு வேண்டாம். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்கவில்லை. மற்றக் கல்லூரிகளின் சிறு தேவாலயங்களிலும் இந்த வழிபாடு உண்டு, ஆனால் அவற்றில் பாடகர் குழு பெரும்பாலும் பருவ நாட்களில் மட்டும்தான் பாடும்.

திங்கட்கிழமை பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் மதியம்தான் திறக்கும் என்பது தெரியாமல் காலையிலேயே போய்விட்டேன். நல்லவேளை, அதற்கு வழியே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள்தான், அது காலை பத்துக்கே திறந்துவிடுகிறது. அங்கே சுற்றிவிட்டு, பிட் ரிவர்ஸையும் பார்த்துவிட்டு, பிற்பகலில் வால்டன் தெருவில் இருக்கும் செயிண்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்தைத் தேடிப் போனேன். குறுகிய சந்துக்குள் இருக்கிறது, முதல் தடவை தாண்டிப் போய்விட்டேன். ஜி. யு. போப் அங்கேதான் இருக்கிறார். 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர், 1908-இல் இறந்தார். தன் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதச் சொன்னார் என்று நான் இருபது வருடமாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கல்லில் அப்படி இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்று இருக்கிறது. அதற்குக் கீழே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் என்று இருக்கிறது. அந்த வரியை விரலால் தடவிப் படித்தேன். கேட்டுப் பழகிய கதையைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தக் காலத்தில் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து கடல் தாண்டி ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஈரப் புல்லில் நின்றபடியே கணவரைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ முதல்ல பத்திரமா வா. அந்தக் கல்லைப் படம் எடுத்துட்டு வா" என்றார்.

அந்தச் சான்றிதழை மதிப்பெண் விண்ணப்பத்தில் நான் சேர்க்கவில்லை. 7 புள்ளி கிடைத்திருக்கும், கேட்டிருக்க மாட்டார்கள். கட்டுரைத் தொகுப்பு இன்றுவரை வரவில்லை. ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, டிரினிட்டிப் பருவத்தில், இணையவழியாகவும் நடந்த ஒரு கருத்தரங்கில் சேர்ந்தேன். அங்கே மாலை 5 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, அக்டோபர் கடைசிக்குப் பிறகு 10.30. பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால் நேரம் சரியாக இருக்கும். மூன்றாவது அமர்வில் ஒரு கேள்வி கேட்டேன். பேசியவர் அதற்கு ஐந்து நிமிடம் பதில் சொன்னார். ஒரு பைசா செலவில்லை.

போன மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஓடிவந்தாள். "அக்கா, எனக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அழைப்பு வந்திருக்கு" என்று கைபேசியை நீட்டினாள். மடலின் நடை எனக்கு மனப்பாடம். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்ததும் உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "உட்காரும்மா, முதலில் முகவரி எப்படி முடியுதுன்னு பார்ப்போம்" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.